நான் அழித்த பன்னிரண்டு நிமிடங்கள்

என் நண்பரின் மனைவி இறந்து ஒன்பது வருடங்கள் கழித்து, அந்த அம்மா கேசட்டில் பேசி வைத்திருந்த குரலை நான் அழித்தேன். கை தவறி நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை. அழிந்ததை மறைக்க அடுத்து நான் செய்தது கை தவறிச் செய்தது அல்ல.

நான் அரியலூரில் முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நண்பர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். இருபத்திரண்டு வருடம் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவரை நான் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். பெரம்பலூரில் நடந்த ஒரு கண் சிகிச்சை முகாமில், ஆளுக்கொரு கண்ணில் கட்டுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பழக்கம். அவர் தொடையில் தாளம் தட்டி ஏதோ முனகிக்கொண்டிருந்தார்.

"வார்த்தை என்னங்க பாய்?" என்றேன்.

"வார்த்தை இருந்தா நான் ஏன் முனகப்போறேன்?" என்றார்.

கட்டுப் பிரிப்பதற்குள் அந்த மெட்டுக்கு நாலு வரி போட்டுக் கொடுத்தேன். அப்படித்தான் நாங்கள் இரட்டைப் பாட்டுக்காரர்கள் ஆனோம். அவர் தப்ஸ் என்கிற வட்டத் தோல்கருவியைத் தட்டிப் பாடுவார். நான் இளமையில் கற்ற புல்புல்தாரா என்ற தந்திக் கருவியை வாசித்துக்கொண்டு இரண்டாம் குரல் கொடுப்பேன். மெட்டு அவருடையது, வரிகள் என்னுடையவை. ஆலத்தியூர்ப் பக்கம் போய்வந்த நாளில் மட்டும் வரியையும் அவரே போட்டார்: "சிமெண்டு லாரி போன ரோட்டுல வெள்ளப் புழுதிங்க, பச்சச் சட்ட காயப்போட்டா வெள்ளச் சட்டங்க." நான் விரல் விட்டு அசைகளை எண்ணினால் அவருக்குச் சிரிப்பு வரும். "சார், இது கணக்குப் பரீட்ச இல்ல. வாயில போட்டுப் பாருங்க, உருளுதான்னு."

இரண்டு வருடத்தில் பத்துப் பாட்டு ஆயிற்று. கீபோர்டு, ரிதம் பேடு எதுவும் இல்லாமல், இரண்டு குரல், ஒரு தோல், ஒரு தந்தி என்று ஓர் ஆல்பமாகப் பதிவு செய்ய ஆசைப்பட்டோம்.

மெட்டு தோன்றியதும் அதைப் பிடித்துவைக்க அவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்தான் எங்களுக்கு. செல்போனில் பதிந்தால் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. புதுக் கேசட் இப்போது கடையில் கிடைப்பதில்லை. பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைத்தான் உபயோகித்தோம். அவற்றின் முதுகில் இரண்டு சிறு ஓட்டைகள் இருக்கும். அந்த இடத்துப் பிளாஸ்டிக்கை உடைத்து ஓட்டையாக்கிவிட்டால் கேசட்டின் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. பதிய வேண்டுமென்றால் ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. நாற்பது ஐம்பது கேசட்டுக்கு ஒட்டியிருப்பேன்.

ஒரு நாள் பிற்பகல் பாய் அசர் தொழுகைக்குப் போனார். தொழுகைக்குப் பின் தெருவில் ஒரு ஜனாஸாவும், அதாவது சவ அடக்கமும், இருந்தது. வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முன்னறையில் தனியாக இருந்தேன். அப்போது எனக்கு ஒரு மெட்டு வந்தது. அதுவரை ஒரு மெட்டும் நான் போட்டதில்லை. எழுபத்து நாலு வயதில் முதல் மெட்டு. போய்விடுமோ என்று பயம். ரெக்கார்டரில் இருந்த கேசட் சிக்கிக் கிடந்தது. கீழே இழுப்பறையைத் திறந்தேன். ஒரு கேசட் ஒரு கைக்குட்டையில் சுற்றித் தனியாக இருந்தது. கைக்குட்டையைப் பிரித்தது நினைவிருக்கிறது. ஏன் சுற்றியிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியதும் நினைவிருக்கிறது. ஓட்டையைப் பார்த்தேன், டேப்பை ஒட்டினேன், பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு நிமிடம் வாசித்தேன், பாடினேன்.

எப்படி வந்திருக்கிறது என்று பின்னோக்கிச் சுற்றிப் போட்டுக் கேட்டேன். என் பாட்டு முடிந்த இடத்தில் ஒரு பெண் குரல் தாழ்ந்து பேசியது: "...பாத்து ஓட்டுங்க. அவ்வளவுதான். புள்ளைங்ககிட்ட குடுக்குறேன்." பிறகு குழந்தைகள் சத்தம்.

அந்த ஊரில் அந்தக் காலத்தில் கடிதத்தை விடக் கேசட்தான் அதிகம். லீவு முடிந்து பயணம் போகிறவர் பெட்டியில் தெருவுக்கே கேசட் போகும். அதே கேசட்டின் மேலேயே அங்கிருந்து பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அதனால் ஒன்றும் மிஞ்சாது. பாய் ஒன்றே ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பாமல், ஓட்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, மனைவி மவுத்தான, அதாவது இறந்த நாளில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். மகள் போனில் ஏற்றித் தருகிறேன் என்று பலமுறை கேட்டும் கொடுக்கவில்லை. இன்னொருவர் காதில் அது விழக் கூடாது அவருக்கு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஒரு முறை அவரே சொல்லியிருந்தார். அது எந்தக் கேசட் என்று மட்டும் தெரியாது.

இதுவரை தவறு. இனிமேல் சொல்வது குற்றம். என் மெட்டை இன்னொரு கேசட்டில் மறுபடி பாடி வைத்துக்கொண்டேன். பிறகு ரெக்கார்டரின் மேல் அவருடைய துண்டையே மடித்துப் போர்த்தி, அந்த அம்மாவின் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிடம் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். என் பாட்டின் மேல் வெறுமையைப் பதிந்தேன். செல்லோடேப்பை உரித்தேன். கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். பாய் திரும்பி வந்து, "டீ போடச் சொல்லவா சார்?" என்று கேட்டபோது, "போடச் சொல்லுங்க" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் நாள் வந்தது. மறுநாள் போனேன். பாய் முகம் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேசட்டு போயிருச்சு சார். வெறும் இரைச்சல்தான் வருது. கடைசி ரெண்டு வார்த்தையும் புள்ளைங்க சத்தமும்தான் மிச்சம்."

"பழைய டேப்பு பாய்" என்றேன். வேறென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பூஞ்சை என்றும், புழுக்கம் என்றும் விஞ்ஞானமாக விளக்கினேன்.

அவர் தலையை ஆட்டினார். "பூஞ்சை இல்ல. நான்தான். போன வருஷம் ஒரே நாள்ல அஞ்சு தடவ போட்டேன். தேச்சுத் தேச்சு நானே அழிச்சுட்டேன்."

பெரம்பலூரில் மாடியில் ஒரு பெண் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாள். பெரும்பாலும் கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சேர்க்கும் வேலை. அங்கேதான் பதிவு. கரும்பு வெட்டும் பருவம். எறையூர் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ஸ்பீக்கர் அலற ரோட்டில் போகும். "வண்டி போயிடட்டும் ஐயா" என்று அவள் கையைத் தூக்குவாள். நாங்கள் வாயைத் திறந்தபடி காத்திருப்போம். "நம்ம பாட்டு தன் டிராக்டர்ல ஓடுற வரைக்கும் இந்த டிராக்டர்காரன் விடமாட்டான்" என்றார் பாய். நாலு பாட்டு முடிந்தன. ஐந்தாவது, என் மெட்டு. பாய்க்கு அது மிகவும் பிடித்திருந்தது. "சாருக்கு இந்த வயசுல என்னமோ திறந்துக்கிச்சு" என்று அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார். ஆனால் பாட ஆரம்பித்தால் இரண்டாவது அடியில் குரல் இறங்கிவிட்டது. மூன்று முறை அப்படி.

"என்ன ஐயா, தொண்டையா?" என்றாள் அவள்.

"இல்லம்மா. ஒரு குரலைத் தேச்சு அழிச்சவன் நான். பாடுறப்பல்லாம் அது ஞாபகம் வருது" என்று கேசட் கதையைச் சொன்னார். தன் மேல் பழி போட்டே சொன்னார்.

அவரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு போர்த்தியதையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. "அப்ப நான் தேச்சு அழியலையா?"

"இல்ல பாய்."

அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. அதைப் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு கேட்டார்: "ஓட்டைய அடைச்சீங்களா?"

"ஆமாங்க."

"எந்தப் பாட்டுக்கு?"

மேலே, நாங்கள் பாடிப் பதிந்துகொண்டிருந்த கூடத்தைக் கையால் காட்டினேன்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மேலே போய்த் தப்ஸை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மூன்று மாதம் அவர் போனை எடுக்கவில்லை. அவர் மகளுக்குப் போன் செய்து அவளிடமும் ஒப்புக்கொண்டேன். அவள்தான் ஒன்று சொன்னாள். அவளுடைய அம்மா எட்டாவது வரை படித்தவர். தெருவில் ரெக்கார்டரை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றப் பெண்கள் கேசட்டில் பேச அவரிடம்தான் வருவார்கள். "வேற யாரு கேசட்டுலயாச்சும் அம்மா குரல் இருந்தாலும் இருக்கும் சார்."

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் பஸ் மாறி லெப்பைக்குடிக்காடு போனேன். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். "பழைய இரும்பு வாங்க வந்தவருன்னு நினைச்சேன்" என்றார் ஒருவர். சிலர் பரணில் ஏறித் தேடிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை ஒட்டிக்கொண்டு ஓடவில்லை. ஓடியவற்றில் பதில் பேசிய ஆண் குரல்கள்தான். ஒரு மூதாட்டி கொடுத்த கேசட்டில் அந்தக் குரல் கிடைத்தது. அந்த மூதாட்டி பேசிப் பதிந்த வாரமே அவருடைய கணவர் வேலையை விட்டு ஊர் வந்துவிட்டதால் அது அனுப்பப்படாமல் தங்கிவிட்டது. கேசட்டின் சொந்தக்காரி வெட்கப்பட்டுத் திணற, பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எடுத்துக் கொடுக்கிறது: "பேசுங்கக்கா, லைட்டு எரியுது... ஆடு குட்டி போட்டதச் சொல்லுங்க... அழுவாதீங்க, டேப்பு ஓடுது!"

அதை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே விட்டார். கேட்டார். ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"இது அவதான். ஆனா இது தெருவுக்குப் பேசுற குரல் சார். எங்கிட்டப் பேசுறப்ப பக்கத்து ரூம்ல எங்கம்மா இருப்பாங்க. மூச்சுலதான் பேசுவா."

கேசட்டை அதன் சொந்தக்காரியிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நான் எழுந்தேன்.

"உக்காருங்க. வரி எழுதுற கைதானே அது? ஒரு நோட்டு வாங்கிட்டு வெள்ளிக்கிழம வாங்க. எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒரு வார்த்தையும் சரி பண்ணக் கூடாது. பாட்டாக்கக் கூடாது."

நாலு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு எழுதினேன். ஓடு ஒழுகியது, மாமியாரின் முழங்கால், வெங்காய நாற்று, தூங்காமல் வண்டி ஓட்டக் கூடாது என்பது. "இங்க மூக்க உறிஞ்சுவா. காய்ச்சலு, ஆனா நல்லாருக்கேன்னுவா. எழுதுங்க." எழுதினேன். சில இடங்களில் அவருக்கு அவரோடே சண்டை வந்தது. நாற்று முதலா, முழங்கால் முதலா? அடித்து எழுதச் சொல்வார். எனக்கு வாக்கியத்தைத் திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தவில்லை. ஓர் இடத்தில் முழுசாக நின்றுவிட்டார். ஓடு ஒழுகியதற்கும் வெங்காயத்துக்கும் நடுவே அந்த அம்மா ஏதோ சொல்லிச் சிரிப்பாராம். சிரிப்பு நினைவிருக்கிறது, சொன்னது நினைவில்லை. அந்த இடத்தில் நாலு கோடு காலியாக விட்டோம்.

ஆல்பத்தை முடித்தோம். என் மெட்டை விட்டுவிடலாம் என்றேன். "பாட்டு என்ன பண்ணுச்சு பாவம்?" என்றவர், அதைத் தனியாகத் தப்ஸோடு பாடிக்கொண்டார். அந்த ஒரு பாட்டுக்கு என்னைக் கீழே இருக்கச் சொன்னார். இருந்தேன். அதற்குப் பிறகு அவர் புது மெட்டு எதுவும் என்னிடம் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் போன் வரும். போன வாரம் நான் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது வந்தது. "சார், அவ சிரிச்சது கோழி விஷயமா இருக்குமோ?" நான் வரிசையை விட்டு வெளியே வந்து, பஸ் ஏறினேன். போய்ச் சேர்வதற்குள் அவருக்கு அது கோழி இல்லை என்று ஆகிவிட்டது. இருந்தாலும் நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் யோசித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.