உலை எரியும்போதே மாற்றிய இரண்டு பைட்

போன வாரம் சூளகிரியில் ஓசூர் பேருந்து ஏறினேன். நடத்துநரின் டிக்கெட் கருவி 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று காட்டிவிட்டு வட்டம் சுற்றத் தொடங்கியது. "சனியன், வண்டி கிளம்பறப்பதான் இதுக்கு வேளை வரும்" என்று அதைத் தொடையில் தட்டினார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகச் சுட்ட எண்ணெய் வாசனை வந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பை எண்ணெயில் முக்கும்போது எழுகிற வாசனை. தெரியாதவர்களுக்கு யாரோ பழைய எண்ணெயில் போண்டா போடுவதாகத் தோன்றும். எனக்கு நாகவேணியக்காவின் ஷெட் நினைவுக்கு வரும்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் நான். லாரி கிளீனர், கோழிப்பண்ணை, பெங்களூரில் கேபிள் இழுக்கும் வேலை என்று சுற்றிவிட்டு ஓசூரில் ஒரு பேக்கரி மாடியில் வந்து விழுந்தேன். அங்கே தொழிற்சாலை உலைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கணினி செய்தார்கள். ராத்திரி மேசைக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம், கீழிருந்து பன் வாசனை இலவசம். அதனாலேயே என் வழக்கத்துக்கு மீறி அங்கே நீண்ட காலம் தங்கிவிட்டேன்.

என்னை எடுத்தது சால்டரிங் வைக்க. பக்கத்து நாற்காலியில் சுதா. கிருஷ்ணகிரிப் பெண், என் வயது, பொறியியல் படித்தவள். கணினியின் அடிமட்டத்தில் ஓடும் கர்னல் என்ற நிரலை அவள்தான் எழுதினாள். அதற்கு ஒதுக்கிய நினைவகம் ரொம்பச் சின்னது. 'பூஜ்யம் வை' என்று நேராகக் கட்டளை எழுதினால் ஐந்து பைட் இடம் போகும். ஓர் எண்ணை அதனோடேயே மோதவிட்டு அழித்தாலும் பூஜ்யம்தான், இரண்டே பைட். பன்னை விட பைட்டைப் பற்றித்தான் அந்த மாடியில் அதிகம் பேசினோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதிய கட்டளைகளைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒருவர் வாசிக்க, மற்றவர் இயந்திரமாக எதிரே உட்கார வேண்டும். இரண்டு எண்களை ஒப்பிட்டு 'குறைவு' என்று வந்தால் சுட்டுவிரலை மடக்க வேண்டும்; அந்த விடையை இயந்திரம் நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். யோசிக்கக் கூடாது, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். "உனக்குன்னே செஞ்ச வேலைப்பா" என்பாள் சுதா.

ஒரு நாள் மதியம், மாடியில் சோதனைக்கு ஓடவிட்டிருந்த கணினிப் பெட்டி தானாக 'பர்னரை நிறுத்து' என்றது. நேரத்தை எண்ணும் எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பியதும், தீ அணைந்துவிட்டது என்று கர்னல் முடிவு கட்டியிருந்தது. அதுவரை யாரும் உலையை அத்தனை நேரம் தொடர்ந்து எரித்ததில்லை. அன்றைக்குத்தான் சூளகிரியில் நாகவேணியக்கா எங்கள் பெட்டி மாட்டிய உலையை அப்படி எரித்துக்கொண்டிருந்தார்.

தக்காளி மண்டி வேலையை விட்டுவிட்டு, ஒற்றை உலையோடு இரும்பைச் சுட்டு இறுக்கும் தொழில் தொடங்கியவர் அக்கா. ஒரு பெரிய கம்பெனி முதன்முதலாக நம்பிக் கொடுத்த பல்சக்கரங்கள் காலையிலிருந்து உள்ளே வெந்துகொண்டிருந்தன. மொபெட்டில் சூளகிரிக்குப் பறந்தோம்.

"அணைச்சிட்டு சரி பண்ணுங்களேன்" என்றார் அக்கா.

"அணைச்சா முதல்லருந்து ஆரம்பிக்கும்க்கா. லோடு பாழ்" என்றாள் சுதா.

"அணைக்கலன்னா?"

"சாயங்காலம் அதுவே அணைச்சிக்கும்."

"ஒள்ளே கதை! நல்ல கதைதான் போ. இந்த லோடு போச்சுன்னா மறுபடி மண்டியில தக்காளி பொறுக்கிகினு இருக்கணும் நான். என்னாவோ பண்ணுங்க."

ஓடும்போதே மாற்றுவதற்கு வழி வைத்திருந்தோம். நிரலின் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒன்றும் செய்யாத ஓர் இரண்டு பைட் கட்டளை இருக்கும். அதற்குப் பதில் ஒற்றை பைட் கட்டளைகளாக இரண்டு வைத்தால் இயந்திரம் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நிற்கும்போது மாட்டிக்கொள்ளும். ஒரே கட்டளையானால் ஒரே அடியில் 'அங்கே தாவு' என்று மாற்றிவிடலாம். தாவி வருகிற இடத்தில் திருத்திய கட்டளைகள் இருக்க வேண்டும். அவற்றுக்குத்தான் மூன்று பைட் இடம் போதவில்லை. சுதா ஐந்து பைட் பூஜ்யத்தை இரண்டு பைட் பூஜ்யமாக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

எண்ணெய் டின்மேல் இயந்திரமாக உட்கார்ந்தேன். சுதா வாசித்தாள். ஒப்பிடு: குறைவு. விரலை மடக்கினேன்.

"என்னாப்பா, என் உலை எரியுது, நீ ஜோசியம் பாக்கறியா?" என்றார் அக்கா.

அடுத்த கட்டளை, அந்த இரண்டு பைட் குட்டிப் பூஜ்யம். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தன் வேலையை முடித்த கையோடு முந்தைய ஒப்பீட்டின் விடையையும் துடைத்துவிடும். என் விரல் தானாக நிமிர்ந்தது. 'விரல் மடங்கியிருந்தால் பர்னரைத் தொடாதே' என்பது அதற்கடுத்த வரி. சுதா வாசிக்கவில்லை. என் விரலையே பார்த்தாள்.

"நாமளே அணைச்சிருப்போம்" என்றாள், மெதுவாக.

பூஜ்யத்தை ஒப்பீட்டுக்கு மேலே ஒரு வரி ஏற்றினாள். அதே பைட்டுகள்தான், இடம் மட்டும் வேறு. மறுபடி வாசித்தோம். விரல் மடங்கியே இருந்தது. கேபிளைச் செருகி, திருத்தியதை ஏற்றி, கடைசியாகத் தொடக்கத்தில் இருந்த அந்த இரண்டு பைட்டைத் தாவலாக மாற்றினாள். உலை ஒரு சத்தமும் மாறாமல் எரிந்தது.

பல்சக்கரங்கள் எண்ணெயில் இறங்கியபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஆறிய ஒன்றை எடுத்து அக்கா அரத்தை இழுத்தார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. இரும்பு இறுகியிருந்தது.

"இப்ப அணைச்சா நீங்க எழுதினது என்னாவும்?"

"போயிடும்க்கா. நாளைக்கு சிப்புல போட்டு எடுத்துகினு வரோம்."

"ஐயோ. இரு, டீ குடிக்கற வரைக்கும் எரியட்டும்."

வெறும் உலை எரிய, டீ குடித்தோம். பிறகு சுதாவையே சுவிட்சை அணைக்கச் சொன்னார்.

இப்போது அக்காவின் ஷெட் இருந்த இடத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது. பேக்கரி மாடியில் உடற்பயிற்சிக் கூடம். அக்கா மண்டிக்குத் திரும்பவில்லை, அது மட்டும் தெரியும். சுதா எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. கணினிகளில் இடம் தாராளமாகிவிட்டது. மூன்று பைட்டுக்காக யாரும் எதிரே ஒருவரை உட்காரவைப்பதில்லை. அதற்குப் பிறகு நானும் எத்தனையோ வேலைக்குப் போய்விட்டேன். என் கையை அவ்வளவு நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு எங்கும் இருந்ததில்லை.