கட்டைவிரல் வழித்த பசை

எந்த இணைப்பை முறுக்கினாலும், மேலே சிலிக்கோன் பசையைப் பிதுக்கிக் கட்டைவிரலால் ஒருமுறை வழித்துவிடுவார் மாமா. பிளம்பர் கை அது.

உட்கார முடியாத அத்தையைக் கடல் பார்க்கக் கூட்டிப்போக, படுக்கை வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுது. தானே மாற்றினார், பசையும் தடவினார். எஞ்சின் திணறியது. மூன்றாவது சென்சாரும் செத்தது.

"ஒரு சொட்டுக் காத்துகூடப் போகாதுடா மாப்ளே. அப்புறம் ஏன்?"

"விடுங்க, கடலுக்குப் போய் நான் என்ன உப்பா அள்ளப்போறேன்?" படுத்தபடியே சிரித்தார் அத்தை.

அத்தை காலமான பிறகு வேனை வாங்க வந்த மெக்கானிக், மாமா உள்ளே சாவி எடுக்கப் போனபோது என்னிடம் சொன்னார்: சென்சார்களைக் கொன்றது அந்தப் பசையின் ஆவிதானாம்.