அப்பா கேட்ட பூ

எங்கள் பக்கம் குடியை நிறுத்துவதென்றால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கோயிலுக்குத்தான் போவார்கள். பூசாரி மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். எத்தனை நாளைக்கு என்பதைக் குடிக்கிறவரே சொல்ல வேண்டும். சில கெட்டிக்காரர்கள் தீபாவளிக்கு முந்தின நாளோடு கெடுவை முடித்துக்கொள்வதுண்டு. அப்பா மூன்று மாதம் என்றார். அது ஊரடங்கு வந்த வருடம். அவர் குடியை விட்டு இன்றைக்குச் சில வருடங்கள் ஆகின்றன. நடுவில் ஒரு வாரம் மட்டும் சறுக்கினார். அதற்கு எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எதுவும் சரியில்லை. காரணம் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது.

பீளமேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். தெருவில் யாருக்கோ காய்ச்சல் என்று முனையில் தகரம் அடித்தார்கள். கயிறு கட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடிப் பஜனை பாடுவார்கள், அதுவும் நின்றுபோனது. அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நன்றாகவே கேட்கும்.

தகரத்தைப் பிரித்த வாரத்தில் ஒயின்ஷாப்பைத் திறந்தார்கள். கோயில் மட்டும் பூட்டியே கிடந்தது. சரியாக அப்போது பார்த்து மூன்று மாதக் கெடு முடிந்தது.

"கெடு முடிஞ்சுபோச்சு அம்மணி. கயித்த அவுத்துப்போடறேன்" என்றார் அப்பா.

"கட்டுன பூசாரிதானுங்க அவுக்கோணும். கோயில் தொறக்கட்டுங்க" என்றாள் அம்மா.

கோயில் எப்போது திறக்கும் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அப்பாவே ஒரு வழி சொன்னார்: "பூக் கேட்டுப் பாத்தரலாம்."

கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, சந்தேகம் என்று வந்தால் எங்களவர்கள் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. வீட்டில் குழந்தை நான் ஒருத்திதான். ஆன்லைன் வகுப்பைத் தவிர வேறு பிழைப்பில்லாத எனக்கு இந்தப் பதவி ரொம்பப் பிடித்துப்போனது.

தினமும் காலையில் அப்பா வாசல் செடிகளில் பூப் பறித்து, நாட்காட்டித் தாளில் அவர் கையாலேயே மடித்து, சாமி படத்தின் முன் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். திரும்பி வந்து திருநீறு பூசிக்கொண்டு, "எடு கண்ணு" என்பார். சிவப்பு. "இன்னைக்கு உத்தரவில்லைங்க" என்று அம்மா சந்தோஷமாகத் தோசைக்கல்லைப் போடுவாள். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். பதினாறு நாள் இப்படியே போயிற்று. அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாமி மேல் எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது. இவ்வளவு கல்நெஞ்சா?

பதினேழாம் நாள் அப்பா குளிக்கப் போனதும் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் செவ்வரளி. அட கருமமே! தூக்கமில்லாத மனுஷன், எதைப் பறிக்கிறோம் என்று தெரியாமலே பறித்திருக்கிறார். பதினாறு நாளும் இதே கூத்துதான் நடந்திருக்கும். நான் ஓடிப்போய் ஒரு நந்தியாவட்டையைப் பறித்துவந்து ஒன்றில் மாற்றி வைத்தேன். அப்பா வந்து உட்கார்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டையும் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தேன். அதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது.

வெள்ளை.

அப்பா அதைத் தொடவில்லை. மற்ற பொட்டலத்தைப் பிரித்தார். அதில் சிவப்பு இருந்தது. திரும்பவும் வெள்ளையைப் பார்த்தார். "சாமியே கைய உட்டுருச்சா?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளிக்கூடப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். பொட்டலத்தில் கை வைத்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் முதுகு பழுத்துவிடும்.

"கண்ணு, இன்னொருக்கா எடுத்துப் பாக்கறியா?" என்றார் அப்பா. கெஞ்சுகிற குரல்.

"ஒரு நாளைக்கு ஒருக்காத்தானுங்கப்பா கேக்கோணும்" என்றேன். சாமி காரியத்தில் நான் வெகு கறார்.

அவர் தலையாட்டிவிட்டு வலது கையை நீட்டினார். கயிற்றை அறுக்க உத்தரவு கிடைத்தவர் எதற்காக இன்னொரு தடவை கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சந்தோஷத்தில் தடுமாறுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நறுக்கென்று வெட்டிவிட்டேன்.