விதிப்புத்தகம் படித்த ஜெராக்ஸ் அக்கா

ஜெராக்ஸ் அக்காவின் கடை நகரமைப்பு அலுவலகத்தின் வாசலுக்கு நேர் எதிரே. இரண்டு நகல் இயந்திரம், ஒரு லேமினேஷன் பெட்டி, காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற அளவுக்கு இடம். வீடு கட்டுகிறவர், மாடி எழுப்புகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் மேல் மனு கொடுக்கிறவர் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பதினான்கு வருடமாக எத்தனையோ விதிகளைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போட்டு எடுத்திருக்கிறாள். ஒரு வரி படித்ததில்லை. எழுத்து தெளிவாக விழுந்ததா, ஓரம் வெட்டுப்பட்டதா, அதோடு சரி.

அவள் வீட்டுக்காரர் லேத்காரர். வீட்டை ஒட்டிய பட்டறையில் இருபத்திரண்டு வருடம் தனி ஆளாக இரும்பு கடைந்தவர். எதிர்ப்பக்கத்துப் பழைய கிடங்குகளை இடித்துவிட்டு, புல்தரையும் கண்ணாடிக் கட்டடமுமாக ஒரு வணிகப் பூங்கா வந்தது. அதோடு அவர்கள் தெருவையும் சேர்த்து வளாக வணிக மண்டலம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த மண்டலத்தில் அலுவலகம் இருக்கலாம், ஆய்வுக்கூடம் இருக்கலாம்; பட்டறை கூடாது. ஏற்கெனவே நடக்கிற பட்டறை மட்டும் தொடர்ந்து நடக்கலாம்.

"நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம்" என்று லேத்காரர் நிம்மதியாக இருந்தார்.

அப்புறம்தான் அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் படுத்தவர் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது மாதம் பூங்காவின் மேலாளர், ஒரு கூடைப் பழத்தோடு, பார்க்க வந்தார். கட்டிலின் ஓரத்தில் உரிமையாக உட்கார்ந்து தலையணையைச் சரி செய்தார்.

"அடுத்த வாரம் மெதுவா பட்டறையைத் திறந்து உக்காரலாம்னு பார்க்கிறேன்" என்றார் லேத்காரர்.

"ஐயோ, எதுக்குண்ணே அவசரம்? முதுகு விஷயம். இன்னும் ரெண்டு மாசம் நல்லா ஓய்வெடுங்க. பட்டறை எங்க ஓடிடப் போகுது?"

சொந்தத் தம்பி மாதிரி பேசினார் என்று அன்று முழுக்கப் பெருமைப்பட்டார் லேத்காரர். ஜெராக்ஸ் அக்காவும் அந்தப் பழத்தை நறுக்கி, மேலாளருக்கே முதல் தட்டு கொடுத்தாள்.

ஏழாவது மாதம் பட்டறையைத் திறந்தார்கள். மூன்றாம் நாளே கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆறு மாதம் தொடர்ந்து பூட்டிக்கிடந்த தொழிலுக்கு அந்த மண்டலத்தில் இனி உரிமை இல்லையாம். லேத்தை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவரின் ஆட்கள் நாலு பேர் அதைக் கழற்றிச் சங்கிலி போட்டு இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். லேத்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெராக்ஸ் அக்கா அதை விதி என்று விட்டிருப்பாள். ஆனால் அடுத்த வாரம் நகரமைப்பு அலுவலகத்தின் பிரிவு எழுத்தர் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, எல்லாத்துலயும் ரெண்டு காப்பி" என்று வைத்துவிட்டுப் போனார். முதல் தாள், பூங்காவின் புகார். அடுத்த தாள்களில் அவர்கள் பட்டறைப் பூட்டின் படம். வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றின் கீழும் தேதி, மேலாளரின் கையெழுத்து. பழக்கூடையோடு வந்த நாளிலும் ஒரு படம் இருந்தது. வீட்டுக்குள் நுழையும் முன் எடுத்திருக்கிறார்.

ஈரத்துணியைப் போட்டுக் கழுத்தை அறுத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. எழுத்தருக்கு இரண்டு காப்பி கொடுத்தாள். மூன்றாவதைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். அன்றே அலுவலகத்தில் விதிப்புத்தகத்தையும் இரவல் வாங்கி, நூற்று நாற்பது பக்கத்தையும் நகல் எடுத்தாள்.

"இதை நாங்களே படிக்கிறதில்லக்கா" என்று எழுத்தர் சிரித்தார்.

அவள் படித்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் படித்தாள். முதலில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கோபம்தான் பக்கத்தைப் புரட்டியது. போகப்போக ஏறியது. வீடுகளிலிருந்து இருநூறு அடிக்குள் வளாகக் கட்டடம் மூன்று மாடிதான் இருக்கலாம். பூங்காவோ தன் இரண்டாவது கட்டடத்தை ஆறு மாடியாகக் கட்ட விசேஷ அனுமதி வாங்கி வைத்திருந்தது. அந்த உத்தரவு அலுவலக அறிவிப்புப் பலகையில் எல்லோர் கண் முன்னாலும் மஞ்சள் பூத்துத் தொங்கியது. இரண்டு வருடத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். முடியாவிட்டால், கெடு தீர அறுபது நாள் இருக்கும்போதே நீட்டிப்புக் கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வேலி ஓரமாக நின்று அந்த இரண்டாவது கட்டடத்துக்கான காலி மனையைப் படம் எடுத்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி போட்டாள்.

கெடுவுக்கு எழுபது நாள் இருக்கும்போது மேலாளரே கடைக்கு வந்தார். அவள் புகாரைப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

"அக்கா, அண்ணன் எப்படி இருக்கார்?"

"இருக்கார் சார்."

விசேஷ அனுமதி உத்தரவை நீட்டினார். "ரெண்டு காப்பி. நீட்டிப்புக்கு எழுதணும். மேலிடத்துல வரைபடத்தை மாத்தணும்னு வேற குடைச்சல் கொடுக்கிறாங்க. இப்பவே கொடுத்துடலாமா, மாத்தினப்புறம் கொடுக்கலாமான்னு யோசனை."

அவள் தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து மூடியை இறக்கினாள். முதல் நகல் கோணிப்போனது. கசக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கே. எதுக்கு சார் அவசரம்? ஒரு தப்பும் இல்லாம நிதானமா கொடுங்க" என்றாள். குரலில் தேன் ஒழுகியது.

"அதுவும் சரிதான்கா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் மனு கொடுத்தபோது கெடுவுக்கு நாற்பது நாள்தான் இருந்தது. அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். நீள மேசையின் தலைப்பில் நகரமைப்பு அதிகாரி அம்மா. ஒரு பக்கம் மேலாளர், மறுபக்கம் காலி நாற்காலிகள். "ஆட்சேபணை யாருக்காவது உண்டா?" என்று அதிகாரி வழக்கம்போலக் கேட்டுவிட்டுக் கோப்பை மூடப் போனார். ஜெராக்ஸ் அக்கா பார்வையாளர் நாற்காலிகளின் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள்.

"மனு இருபது நாள் தாமதம் அம்மா. வேலையும் தொடங்கல." படங்களை மேசையில் சீட்டு மாதிரி பரப்பினாள்.

"வேலி போட்டாச்சு, பலகை வெச்சாச்சு, பள்ளம்கூட வெட்டியிருக்கோம்!" என்றார் மேலாளர்.

"அஸ்திவாரம் முடிஞ்சாத்தான் தொடங்கினதா அர்த்தம். தொண்ணூற்றி மூணாம் பக்கம்."

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார். பிறகு, நீட்டிப்பு கிடையாது, ஆறு மாடி அனுமதி கெடுவோடு காலாவதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி மூன்று மாடிதான். அதுவும் வீடுகளின் பக்கம் நூறு அடிக்கு மரம் வைத்த பிறகு. மேலாளரின் முகம் சுண்டிப்போனது.

படிக்கட்டில் அவளை மறித்தார். "அக்கா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

பைக்குள்ளிருந்து அந்தப் புகார் நகலை எடுத்துப் பிரித்துக் காட்டினாள்.

"அது... அது என் வேலைக்கா. மேலிடம் சொன்னாங்க."

"பூட்டைப் படம் எடுத்தது வேலை. ஒத்துக்கறேன். பழத்தைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தது யார் சொல்லி சார்?"

அவள் விலகிப் போகவில்லை. அவர்தான் சுவரோரமாக ஒதுங்கி இறங்கிப் போனார்.

மாதம் முடிவதற்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று எழுத்தர் வந்து சொன்னார். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

"பிள்ளைகுட்டிக்காரன். பாவம்மா" என்றார் லேத்காரர், தட்டைப் பார்த்தபடி. அவர் இப்போது நாலு தெரு தள்ளி வேறொருவர் பட்டறையில் சம்பளத்துக்குப் போகிறார்.

"நீங்க படுத்திருந்தப்ப அவன் நம்ம பிள்ளைங்களை நினைச்சானா?"

"லேத் திரும்பி வரப்போகுதா?"

"வராது. நான் லேத்துக்காகப் பண்ணல."

அவர் கை கழுவிக்கொண்டு எழுந்தார். பத்து நாள் அவளோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானப்படுத்தப் போகவில்லை.

பதினோராம் நாள் காலையில், எதிரே பூங்காவின் பின்வாசலில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி, பின்னால் வருவதற்காகக் கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தன. புகை ஜன்னல் வழியாக வந்தது. லேத்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, சரக்கு இறக்குற வாசல் வீடுங்களைப் பார்த்து இருக்கலாமா? அதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

"அப்படி இருக்கக் கூடாது. அறுபத்தொண்ணாம் பக்கம்" என்றாள் அவள், செருப்பை மாட்டியபடி. "நேத்தே ஆறு படம் எடுத்துட்டேன்."