ஒரே சீரான கூப்பாடு

பாதி ஆயுசை ஸ்பின்னிங் மில்லில் கழித்தேன். இரண்டு காதும் அங்கேயே போயின.

வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிற குடும்பம். கரிசல் காட்டில் ஒருவரையொருவர் கூப்பிட்டால் பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள். மூச்சு தீரும்வரை ஏற்ற இறக்கமே இல்லாமல் "ஊ" என்று ஒரே இழுப்பு. அதுதான் தூரம் போகுமாம். கல்யாணமான புதிதில் கோவில்பட்டி வீட்டுக்குள்ளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் என்ன ஆடா என்று சண்டை போட்டிருக்கிறேன். போன வருஷம் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. பேச்சு மொத்தமாகப் போய், பாழாய்ப்போன அந்த "ஊ" மட்டும் மிஞ்சியது. அதைக் கேட்கத்தான் காது மெஷின் வாங்கினேன்.

மாட்டியதும் ஃபேன், மிக்ஸி, டவுன் பஸ் எல்லாம் தலைக்குள் இறங்கின. மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த பெண் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து விளக்கினாள். வருகிற சத்தத்தை அது பொடிப்பொடியாக நறுக்கி எண்ணாக மாற்றிக்கொள்ளுமாம். பேச்சு எது, இரைச்சல் எது என்று அதற்கு எங்கே தெரியும்? ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

"ஒரே சீரா வார சத்தத்த இரைச்சல்னு நெனச்சுக் கழிச்சிரும்மா. ஏறி இறங்கி வந்தா பேச்சுன்னு விட்டுரும். கழிக்கிறத இன்னும் கூட வைக்கட்டுமா?"

"எம்புட்டு முடியுமோ அம்புட்டும் வையி" என்றேன்.

வீடு அடங்கிப்போனது. ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது. அவரும் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார். இப்பல்லாம் தொந்தரவே கொடுப்பதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்தேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. மில்லில் சத்தம் இருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். நின்றால்தான் பயம், எவள் கை மாட்டியதோ என்று.

ஒரு மத்தியானம் ரசத்தை இறக்கிவிட்டு முன்னறைக்கு வந்தேன். கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். நல்ல கை உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தது. முகமெல்லாம் செவ்வெறும்பு. வாய் குவிந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தேன். உள்ளங்கை அதிர்ந்தது. கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எத்தனை நேரமாகவோ, எத்தனை நாளாகவோ.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் காவலுக்கு வைத்துவிட்டு மெஷின் கடைக்கு ஓடினேன். அந்தக் கணக்கை எடுத்துவிட்டால் பழைய இரைச்சலெல்லாம் வருமே என்றாள் அந்தப் பெண். வந்து தொலையட்டும் என்றேன்.

வந்தது. ஃபேன் காதுக்குள் அரைத்தது. பஸ் போனது. கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிடுங்க. இப்ப எனக்குக் கேக்கும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. தண்ணீருக்கும் கூப்பிடவில்லை, வலிக்கும் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.