பர்மா வீட்டுக்காரர் ஆபீசுக்கு வந்தார்

1. அவன் விட்ட கதை

ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ். பழைய ஆங்கிலக் குதிரைப் படங்களும் போர்ப் படங்களும் எங்கிருந்து வந்தன, எது நாவல், எது நடந்த சம்பவம் என்று தமிழில் வீடியோ போடுகிறோம். ஸ்கிரிப்ட் நான், குரல் தனசேகர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது.

ஒரு ஸ்கிரிப்டுக்கு வாரக்கணக்கில் படிப்பேன். கவ்பாய் என்றால் எந்நேரமும் சுட்டுக்கொண்டிருந்தவன் இல்லை, மாடு ஓட்டிய கூலிக்காரன் என்று எழுதுவேன். கமெண்டில் "தனா அண்ணா வாய்ஸ் சூப்பர்" என்று வரும். எழுதினவள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

பர்மாக் காட்டில் நடக்கும் ஒரு போர்ப் படம். போர் நிஜம், கதை நாவலாசிரியரின் கற்பனை என்று எழுதிக் கொடுத்தேன். ரெக்கார்டிங்கில் தனா சொந்தமாக ஒன்றைச் சேர்த்தான்: "அந்தப் படையில நம்ம சத்தியவேடு பக்கத்து ஆளு ஒருத்தரு இருந்தாரு. ஹீரோ உயிரைக் காப்பாத்துனதே அவருதான்!"

"யார்ரா அந்த ஆளு?" என்றேன்.

"யாருக்குக்கா தெரியும்? கேக்க நல்லா கீதில்ல?"

அந்த வீடியோ ஓடிய மாதிரி வேறு எதுவும் ஓடவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போர்ப் படத்துக்குன்னே புது சீரிஸ் போடலாம்மா. தனாவே எழுதிப் பேசட்டும். நீ எடிட்டிங் பாத்துக்கோ."

என் வேலையைப் பிடுங்கி அவனிடம் கொடுக்கிறார்.

2. பெரியவர்

மறுநாள் ஒரு பெரியவர் பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். பெயர் முனிரத்தினம், சத்தியவேடு பக்கம்.

"பர்மா கதை சொன்ன புள்ள எங்கம்மா? அவுரு எங்க நைனாதான், என்னப் பெத்த அப்பா."

தனா டீ குடிக்கப் போயிருந்தான். நல்ல சமயம் என்று முதலாளியையும் உள்ளேயிருந்து கூப்பிட்டேன். அவர் காதில் விழும்படி சொன்னேன்: "பெரியவரே, அது பொய். வாயில வந்ததை உளறிட்டான்."

பெரியவர் அசரவில்லை.

"அது எனக்குத் தெரியாதாம்மா? எங்க நைனா யாரையும் காப்பாத்தல. துப்பாக்கியே புடிக்கல. சாமான் ஏத்தின கோவேறு கழுதைய ஓட்டிக்கினு போனாரு. ஊர்ல இன்னும் எங்களப் பர்மா ஊட்டுக்காரங்கன்னுதான் சொல்றாங்க."

பையைக் கீழே வைத்தார்.

"கத்துனா ஜப்பான்காரனுக்குக் கேட்டுடும்னு, கழுதைங்களுக்கெல்லாம் தொண்டையில கொரல் நரம்ப அறுத்துட்டாங்களாம். குண்டு வுழும்போது வாயத் தொறக்குமாம். சத்தம் வராதாம். எங்க ஊட்டு மாடு கத்துனா நைனா எழுந்து போயி அதும் கழுத்தத் தடவிக்கினு நிப்பாரு. படம் பொய்யாவே இருக்கட்டும். எங்காளும் அங்க போனான்னு அந்தப் புள்ள ஒருத்தன்தாம்மா சொன்னான்."

நான் படித்த புத்தகத்திலும் அந்தக் கழுதைகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. படத்தில் இல்லையே என்று தாண்டிப் போயிருந்தேன்.

"பழத்த அந்தப் புள்ளைக்குக் குடுத்துடும்மா" என்று சொல்லி, போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார்.

3. யார் குரல்

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். படத்தில் எது கற்பனை, நிஜத்தில் அங்கே யார் இருந்தார்கள், கழுதைகள், முனிரத்தினத்தின் நைனா. ஒரு பொய்யும் இல்லை. முதலாளி இரண்டு தரம் படித்தார். "சீரிஸ் நீயே எழுதும்மா" என்றார். பெரியவருக்கு போன் போட்டு, வீடியோவில் நானே பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. அந்தப் புள்ளயே சொல்லட்டும். மொதல்ல சொன்னது அதுதானே."

தனா படித்தான். கழுதை வாயைத் திறக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தினான். கொஞ்ச நேரம் மைக்கில் ஒன்றுமே இல்லை. அந்த நிறுத்தம் நான் எழுதாதது. கமெண்ட் முழுக்க அதைப் பற்றித்தான்.

புதியவர்களுக்குச் சொல்கிறேன். படத்தில் வருவது நிஜமா என்று தேடுவதோடு நம் வேலை முடியாது. அங்கே இருந்தும் படத்தில் வராதவர்கள் யார் என்றும் தேட வேண்டும். பேர் வேறு யாருக்காவது போகும். அதற்கும் தயாராக வாருங்கள்.

மாம்பழம் எனக்கு வந்தது என்று தனாவிடம் சொல்லிவிட்டேன். பையோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.