விண்வெளிக்குப் போனவனின் தங்கச்சி

என் அண்ணனைக் கடல் கொண்டுபோகவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொன்னால் ஓம் ஓம் என்று தலையை ஆட்டுவார்கள். டிசம்பர் வந்ததும் மாலையைத் தூக்கிக்கொண்டு போய் அதே கல்லில் போடுவார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்க் கடற்கரையில் நட்ட கல் அது. கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. செத்தவர்களின் வரிசையில் அவன் பெயரும் இருக்கிறது.

அவன் போனது சுனாமிக்குப் பதினான்கு வருஷத்துக்கு முன்னம். காலையில் ரியூசனுக்கென்று சைக்கிளில் போனான். அன்றைக்கு ஊரில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. பின்னேரம் சைக்கிள் மட்டும் சந்தியில், வேலியில் சாத்தியபடி நின்றது. பூட்டுக்கூடப் போட்டிருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாலு.

அப்படிப் போனவன் எப்படிச் சுனாமிக் கல்லுக்கு வந்தான்? அம்மாவால் வந்தான். வீட்டு ஆட்களின் விபரம் எடுக்க வருஷா வருஷம் யாராவது வருவார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் அவன் பெயரையும் சொல்லுவா. வெட்டிவிட்டால் திரும்பி வரும்போது அவனுக்கு ஊரில் இடமில்லாமல் போய்விடும் என்று பயம். எங்கள் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடெல்லாம் அப்படித்தான் செய்தது. ஆக, பட்டியலில் நாங்கள் மூன்று பேர். கடல் வந்த கிழமை முகாமில் பதிவு எடுத்தவர் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆள் எண்ணினார். அம்மா முகாமில் இருந்தா. தகரம் வெட்டின காலோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்றில் இரண்டு போக ஒன்று. அந்த ஒன்றைக் கடல் கணக்கில் எழுதினார். அம்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா, வாய் திறக்கவில்லை.

கல்லைத் திறந்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டி பானை எல்லாம் அதிரக் கத்தினேன்.

"என்னத்தச் சொல்லச் சொல்றாய் மகள்?" என்றா அம்மா. "சுற்றிவளைப்பில போனவன் எண்டா ஆயிரம் கேள்வி வரும். கடல் எண்டா ஒரு கேள்வியும் இல்ல. எனக்கு ஏலாது புள்ள, பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போச்சு."

அவவோடு நான் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சண்டை முடிந்த வருஷம் நினைவு நாளில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடல் வரும் என்று அன்றைக்கே கதை எழுதின பிள்ளை ஒன்று இந்தக் கல்லில் இருக்கிறது, தன் சாவைத் தானே எழுதினவன் என்று அண்ணனின் பெயரைச் சொன்னார். சனம் "ஆ" என்றது. ஒரு மனிசி அழவே தொடங்கிவிட்டா. எனக்கு உச்சியில் ஏறியது.

"பொய்!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "அவன் கடலைப் பற்றிக் கதை எழுதல்ல!"

அந்த ஆள் பதறாமல் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்ப என்ன கதை தங்கச்சி அது? நீங்களே சொல்லுங்களன்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் அண்ணன் எழுதின கதை எனக்குப் பாதிதான் ஞாபகம். அவ்வளவு சனத்துக்கு முன்னால் வாய் திறந்தபடி நின்ற கேவலத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவனும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று நடத்தினார்கள். மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. பள்ளிக்கூடத்துச் சீஆர் கொப்பித் தாளில் அண்ணன் நீல மையால் எழுதுவான், கூட்டாளி படம் கீறுவான், பழைய கலண்டர் மட்டையை அட்டையாக வைத்துச் சாக்கு ஊசியால் தைப்பார்கள். அது வீடு வீடாகப் போகும். வீட்டுக்கு இரண்டு நாள். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டிருக்கும். வாசித்தவர் எவராக இருந்தாலும் அதில் இரண்டு வரி எழுதாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது. பெயர் போடத் தேவையில்லை. ஆனால் யாருடைய எழுத்து என்று ஊருக்கே தெரியும்.

அவன் எழுதினதெல்லாம் விஞ்ஞானக் கதை. எனக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்: எங்கள் வாவித் துறையிலிருந்து ஒருவன் விண்வெளிக்குப் போகிறான். அங்கே அவனுக்கு ஒரு வருஷம் போக இங்கே நாற்பது வருஷம் போய்விடுகிறது. வீட்டில் ஒரு தங்கச்சி. அவன் அதே வயதில், போட்டுக்கொண்டு போன அதே சேட்டோடு திரும்பி வந்து துறையில் இறங்குகிறான். அதற்கு மேல் எனக்கு இருட்டு. அவள் அங்கே இருந்தாளா? செத்துப் போனாளா? இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விட்டாளா? அன்றைக்குத் தொடக்கம் எனக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் இருந்த மூன்று இதழையும் அம்மா முன்னமே அடுப்பில் வைத்துவிட்டா. கூட்டாளி ராக்கெட் கீறினது பற்றாதென்று, பக்கத்தில் உயரம் இவ்வளவு அடி, எரிபொருள் இவ்வளவு கலன் என்று அளவு வேறு போட்டிருந்தான். சோதனைக்கு வருகிறவன் அதைப் பார்த்தால் கதை என்றா நினைப்பான்? ஊரில் எல்லா வீட்டிலும் அதே பயம், அதே அடுப்பு. அதில் தப்பினதைக் கடல் வழித்துக்கொண்டு போனது.

ஆட்களைக் கேட்டேன். ஒருவர், அது மீன் பிடிக்கிற இயந்திர மனிதனின் கதை என்றார். இன்னொருவர், அது தங்கச்சி இல்லை காதலி என்று எனக்கே பாடம் எடுத்தார். மூன்றாவது ஆள், சுனாமிக் கதைதானே, நான் வாசித்தேனே என்றான். அண்ணன் போன பிறகு பிறந்தவன் அவன்! ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். பக்கத்தில் அவன் தாய் நின்றதால் விட்டுவிட்டேன்.

வந்தாறுமூலையில், கம்பசுக்குப் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டில் பழைய சஞ்சிகைகளைச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நான் வேலை செய்கிற தையல் கடையில் அரை நாள் லீவு கேட்டுப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"அச்சில வந்ததா?"

"இல்ல. கையெழுத்து."

"அப்பிடியெண்டா கஷ்டம். அந்தக் காலத்தில எங்கட பக்கம் விஞ்ஞானக் கதை எழுதின ஆக்கள் இருந்ததா ஒரு பதிவும் இல்லையே."

"பதிவில இருக்கிறதுதான் உண்மையெண்டா என்ர அண்ணன் கடல்ல செத்தவன்" என்றேன். "அதுவும் பதிவுதான். கல்லிலயே இருக்கு, போய்ப் பாருங்க."

மனிசன் பயந்து போனார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம் என்று விறுவிறென்று வெளியே வந்துவிட்டேன். பஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. கொதிக்கிற வெயிலில் நின்றுகொண்டு அந்தத் தேத்தண்ணியை நினைத்தேன்.

மிஞ்சினது படம் கீறின கூட்டாளி. அவரிடம் முதலே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் என் கோபம். அண்ணன் போன நாளிலிருந்து அந்த ஆள் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மட்டக்களப்பு டவுனில் ஆட்டோக்களுக்குப் பின்னால் பெயர் எழுதிப் பிழைக்கிறார் என்று தெரியும். இருபது வருஷமாக அந்தத் தெருவால் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அன்றைக்கு நேரே முன்னால் போய் நின்றேன்.

"செத்தமா இருக்கிறமா எண்டு ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா? கூட்டாளியாம் கூட்டாளி!"

அவர் பிறசைக் கீழே வைக்கவில்லை. ஒரு எழுத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அண்டைக்கு நானும் அவனோட ரியூசனுக்குப் போக இருந்த ஆள். எனக்குக் காய்ச்சல். அம்மா விடல்ல. என்ன முகத்தோட உங்கட அம்மாவுக்கு முன்னால வந்து நிக்கிற?"

கத்த வந்த மிச்சத்தை விட்டுவிட்டேன். கதையைப் பற்றிக் கேட்டேன். அது கடைசி இதழ், ஊரெல்லாம் சுற்றி முடிந்த பிறகு தன் அக்கா கரடியனாற்றுக்கு வாசிக்கக் கொண்டுபோனா என்றார். பிறகு வாவிக்கு அங்கால் போகிற பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்ததில், போனது போனதுதான்.

அடுத்த ஞாயிறு கரடியனாற்றுக்கு பஸ் ஏறினேன். அந்த அக்கா றோட்டோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றா. தம்பி அனுப்பினார் என்று சொல்லி விஷயத்தைச் சொன்னேன். "கிடக்கும், பொறு" என்று உள்ளே போய் ஒரு யூரியா உறையைக் கொண்டுவந்தா. அதற்குள் அவர்களுடைய வயல் காணிப் பெர்மிட். பெர்மிட்டுக்கு அடியில், அது மடியாமல் இருப்பதற்காக வைத்த மட்டை மாதிரி, அண்ணனின் சஞ்சிகை.

"சண்டைக்கு எத்தின தரம் ஓடினம் தெரியுமா? ஒவ்வொருக்காலும் முதல் தூக்கிறது இந்த உறையத்தான். பெர்மிட் கசங்காமக் கிடக்கிறது இந்தக் கொப்பியாலதான்" என்றா பெருமையாக.

நான் ராப்பகலாகத் தேடினது இவவுக்கு முட்டு மட்டை! அழுவதா சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் படங்கின் ஓரத்திலேயே குந்தினேன். நீல மை கொஞ்சம் ஊறியிருந்தது. எழுத்து அவனுடையதுதான். ளகரத்தின் கால் நீண்டு கீழ் வரியில் போய் இடிக்கும். அம்மா அதற்காகவே அவனுக்கு ஏசுவா.

கதையின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். விண்வெளிக்காரன் துறையில் இறங்குகிறான். அங்கே நரைத்த மனிசி ஒருத்தி மூடின கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். அவன் அவளை அடையாளம் காணாமல், அம்மா, இஞ்ச ஒரு வீடு இருந்ததே, அதில ஒரு சின்னப் பிள்ளை இருந்தாளே என்று விசாரிக்கிறான். அவள் அவனை மேலும் கீழும் பார்க்கிறாள். "இவ்வளவு நேரமும் எங்க சுத்தின நீ?" என்கிறாள். "சோறு ஆறிப் போச்சு." கதை அவ்வளவுதான்.

"பின்னால நானும் எழுதியிரிக்கன், பாரு" என்றா அந்த அக்கா. கருத்துப் பக்கத்தைப் புரட்டினேன். "படங்கள் நல்ல வடிவு" என்று அவ எழுதியிருந்தா. அதற்கு மேலே, சாய்ந்த எழுத்தில், என்னுடையது. நான் எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லை.

"கதை பரவாயில்லை. முடிவு சுத்தப் பொய். நாற்பது வருஷம் எந்தத் தங்கச்சியும் சோற்றை மூடி வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள். நான் என்றால் அடுத்த நாளே நாய்க்குப் போட்டுவிடுவேன்."

அதற்குக் கீழே நீல மை. இதழ் ஊர் சுற்றித் திரும்பி வந்த பிறகு, கரடியனாற்றுக்குப் போவதற்கு முன்னம் எழுதியிருக்கிறான். நான் அதைப் பார்க்கவே இல்லை.

"இருப்பாள். பந்தயம். தோற்கிற ஆள் ஐஸ்பழம் வாங்கித் தரவேண்டும். இப்படிக்கு, ஆசிரியர்."

அந்த அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்தா. குடித்தேன். பெர்மிட்டுக்கு அடியில் வைக்கப் புது மட்டை ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டுக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்குக் கதையை வாசித்துக் காட்டினேன். அவ கொப்பியை வாங்கி ளகரத்தின் கால்களை விரலால் தடவிக்கொண்டு இருந்தா.

அந்த டிசம்பரில் கூட்டாளியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கறுப்புப் பெயின்ற் ரின்னும் பிறசும் அவர் கையில். சனம் பார்த்துக்கொண்டு நிற்க, கல்லுக்கு முன்னால் குந்தி அண்ணனின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக மூடினார். முன்னம் மைக் பிடித்துப் பேசின ஆள் ஓடிவந்து, என்ன வேலை இது, செத்தவருக்கு மரியாதை இல்லையா என்று கத்தினார்.

"செத்தத நீ கண்டயா?" என்று கேட்டது நான் இல்லை. அம்மா. அவ குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. "ஆரும் கேட்டா என்னட்ட அனுப்பு. நான் பதில் சொல்றன்."

வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பெயின்ற் உரிந்து வருஷா வருஷம் பெயர் திரும்பத் தெரியும். வருஷா வருஷம் பூசுகிறோம். அம்மா போய்விட்டா. இப்போது நானும் கூட்டாளியும்தான். எனக்கும் தலை நரைத்துவிட்டது. கதையில் சொன்ன நாற்பதுக்கு இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

சரி, அண்ணா, தோற்றது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு நேரமும் எங்க சுத்திற நீ? வந்து உன்ர ஐஸ்பழத்த வாங்கு. சோறு எண்டா ஆறினாலும் தின்னலாம், இது உருகிப் போகும்.